இயங்குநிலையும் நிலைபேறும்: ஷோன்ஹைமரின் நூல் பற்றிய ஒரு திறனாய்வு

உடலை ஓர் எந்திரத்துக்கு ஒப்பிடுதல் பாடநூல்களிற் பழகிப்போன வழக்கமாகும். உணவு எரிபொருள், ஒட்சிசன் அதனை எரிப்பது, காபனீரொட்சைட்டும் நீரும் யூரியாவும் எஞ்சுங் கழிவுகள், உடலோ இவையனைத்தும் நிகழ்தற்கு இடமாய் நிற்கும் மாறாத இரும்புக்கூடு. இவ்வுவமை விளங்குதற்கு எளிது; அவ்வெளிமை பற்றியே நெடுங்காலம் நிலைத்தும் நின்றது. ஆயின், எளிதில் விளங்குவன யாவும் உண்மையாதல் வேண்டுமென்னும் நியதி அறிவியலில் இல்லை. எந்திர உவமையின் ஆட்சியை முடிவுக்குக் கொணர்ந்த நூல்களுள் முதன்மையானது றூடொல்ப் ஷோன்ஹைமர் என்பார் எழுதி, 1942ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழக அச்சகத்தின் வாயிலாக வெளிவந்த ஒரு சிறுநூல். ‘உடற்கூறுகளின் இயங்குநிலை’ என அதன் பெயரைத் தமிழில் வழங்கலாம். அந்நூல் நிறுவியது யாது, நிறுவாது விட்டது யாது, பிற்கால ஆராய்ச்சி அதனுள் எதனைக் கொண்டது, எதனைத் தள்ளியது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

நூலின் அருமையை உணர்தற்கு அதற்கு முன்பு நிலவிய கொள்கைகளை அறிதல் வேண்டும். 1842இல் லீபிக் என்னும் ஜேர்மானிய இரசாயனர் உணவுப் பொருள்களை இரு வகையாகப் பகுத்தார். நைதரசன் பொருந்திய புரதங்கள் உடலை ஆக்குவன. கொழுப்பும் மாப்பொருளும் சுவாசத்துக்கு உதவுவன. தசை தொழிற்படுங்கால் தசைப் புரதமே செலவாகின்றது என்பதும் அவர் துணிபு. 1865இல் பிக், விசுலிசேனசு என்னும் இருவர் புரதமில்லா உணவுண்டு சுவிற்சர்லாந்திலுள்ள போல்கோண் மலைமீது ஏறித் தம் சிறுநீரின் நைதரசனை அளந்தனர். சிதைந்த புரதத்தின் அளவு, மலையேறச் செலவான ஆற்றலுக்கு ஈடாகவில்லை. லீபிக்கின் துணிபு வீழ்ந்தது. ஆயினும் ஆக்கும் பொருள் வேறு, எரியும் பொருள் வேறு என்னும் பாகுபாடு வீழவில்லை.

அப்பாகுபாட்டுக்குப் புத்துருவம் அளித்தவர் அமெரிக்காவில் ஆராய்ந்த போலின். உண்ணும் புரதத்தின் அளவு கூடவுங் குறையவுஞ் சிறுநீரிலுள்ள யூரியாவும் கூடிக் குறைவதையும், கிரியேற்றினினின் அளவு பெரிதும் மாறாதிருப்பதையும் அவர் கண்டார். எனவே புறத்தேயிருந்து வந்த புரதத்தின் அனுசேபம் ஒன்று, உடலின் தேய்மானத்தைக் காட்டும் அகத்து அனுசேபம் மற்றொன்று என 1905இல் வகுத்தார். உணவுப் புரதத்தின் பெரும்பகுதி உடலோடு கலவாமலே எரிந்து கழிகின்றது. உடற்புரதமோ எந்திரத்தின் உறுப்புத் தேய்வது போலச் சிறிதே தேய்கின்றது. முப்பதாண்டுகள் வரை பெரும்பாலோர் ஏற்ற கொள்கை இதுவே.

ஷோன்ஹைமர் 1898இல் பேர்லின் நகரிற் பிறந்தவர். பிறைபேர்க் பல்கலைக்கழகத்தில் நோயியல் இரசாயனப் பிரிவில் ஆராய்ந்துகொண்டிருந்த அவர், யூதர் என்னுங் காரணத்தால் 1933இல் நாட்டைவிட்டு நீங்க நேர்ந்தது. நியூ யோக்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகம் அவருக்கு இடமளித்தது. பார ஐதரசனைக் கண்டறிந்து 1934இல் நொபெற் பரிசு பெற்ற யூரி அங்கேயே பணியாற்றினார்; அவரிடம் பயின்ற றிட்டன்பேர்க் ஷோன்ஹைமரோடு சேர்ந்தார். சமதானிகள் இரசாயன இயல்பிற் பெரிதும் ஒத்தும் திணிவில் வேறுபட்டும் இருப்பவை. ஆதலின் பார ஐதரசனையோ பார நைதரசனையோ ஒரு மூலக்கூற்றிற் பொருத்திவிட்டால், உடல் அதனை வேறு பொருளாகக் கருதாது. ஆராய்வோனோ அதனை எங்குக் காணினும் இனங்காண்பான். ஒரே நிறமுடைய ஆயிரம் ஆடுகளிடையே தன் ஆட்டுக்குக் குறி சுட்டு விடுத்தவனின் நிலை அது.

முதற் சோதனை கொழுப்பமிலங்கள் பற்றியது. ஆளிவிதை எண்ணெயிற் பார ஐதரசனைச் சேர்த்து, அதனைச் சிறிதளவாகச் சுண்டெலிகளுக்கு ஊட்டினர். உடலிற் சேமித்த கொழுப்புப் பஞ்சகாலத்துக்கென ஒதுக்கப்பட்டது என்பதும், அன்றாடம் உண்ணுஞ் சிறு கொழுப்பு அன்றன்றே எரிந்துவிடும் என்பதும் பழைய எண்ணம். குறியிட்ட கொழுப்பின் பெரும்பகுதியோ சேமிப்பிடங்களிற் காணப்பட்டது. விலங்குகளின் நிறை கூடவில்லை. ஆகவே புதியது புகுந்த அளவுக்குப் பழையது வெளியேறியிருத்தல் வேண்டும். சேமிப்பு என்பது பூட்டிய களஞ்சியமன்று. நாடோறும் நெல் வந்து நாடோறும் நெல் போகும் சந்தைக் கிடங்கு என்பது 1935இல் வெளிப்பட்டது. நிறைவுற்ற கொழுப்பமிலம் ஒலெயிக்கமிலமாக மாறுவதும், பாமிற்றிக்கமிலமும் தியரிக்கமிலமும் ஒன்று மற்றொன்றாவதும் அடுத்தடுத்து அறியப்பட்டன. இலினோலெயிக்கமிலத்தை மட்டும் விலங்குடல் ஆக்கவில்லை. உணவின் மூலமே பெறவேண்டிய கொழுப்பமிலங்களும் உள என முன்னரே கூறப்பட்டதற்கு இது தனிச்சான்றாயிற்று.

இரண்டாவது சோதனைத் தொகுதி அமினோவமிலங்கள் பற்றியது; நூலின் உயிர்நிலை இதுவே. நிறை மாறாத வளர்ந்த எலிகளுக்குப் பார நைதரசனும் பார ஐதரசனும் ஒருங்கே பொருந்திய லியூசீனை மூன்று நாள்கள் ஊட்டினர். போலினின் கொள்கைப்படி அந்நைதரசன் முழுதும் யூரியாவாகச் சிறுநீரில் வந்திருத்தல் வேண்டும். வந்ததோ மூன்றிலொரு பங்கினுங் குறைவு. பாதிக்கு மேற்பட்டது இழையப் புரதங்களுட் புகுந்திருந்தது. அப்புரதங்களைப் பிரித்தெடுத்து நோக்கியபோது மற்றொன்றும் புலனாயிற்று. லியூசீனின் நைதரசன் பிற அமினோவமிலங்களுக்கும், சிறப்பாகக் குளூற்றாமிக்கமிலத்துக்கும் அசுப்பாட்டிக்கமிலத்துக்கும், பரவியிருந்தது; இலைசீன் மட்டும் அதனை ஏற்கவில்லை. உணவுப் புரதம், உடற்புரதம் என்னும் வரம்பு இவ்வாறு அழிந்தது. இரண்டும் ஒரே பொதுக் குளத்திற் கலக்கின்றன. சிறுநீரில் வெளிவரும் நைதரசன் அக்குளத்திலிருந்து வருவதேயன்றி நேரே உணவிலிருந்து வருவதன்று.

ஷோன்ஹைமர் 1941ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மறைந்தார். அவர் எழுதி வைத்த விரிவுரைகளை உடனுழைத்தோர் அச்சுக்குச் சீர்செய்தனர். எரிபொருள் மட்டுமன்று, எந்திரமே ஓயாது மாறிக்கொண்டிருக்கின்றது என்னும் அந்நூலின் முடிபு ஒரு தலைமுறை உயிரிரசாயனரின் சிந்தனையை ஆண்டது.

இவ்வளவு பெருமையுடைய நூலிலுங் குறைகள் உள. அவற்றை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, முன்னோர்க்கும் உடன்காலத்தார்க்கும் உரிய பங்கு பற்றியது. எலும்பிலுள்ள பொசுபரசு ஓயாது புதுப்பிக்கப்படுதலை ஹெவெசி கதிர்வீசுஞ் சமதானியைக் கொண்டு 1935இலேயே காட்டியிருந்தார். போலினின் பாகுபாடு பொருந்தாதென்பதனைச் சமதானிகளின் உதவியின்றியே, நைதரசன் அளவீடுகளை நுணுகி ஆராய்ந்து, போர்சுக், கீத்லி ஆகியோர் அதே ஆண்டில் எடுத்துரைத்தனர். ‘இயங்குநிலை’ என்னுங் கருத்தை ஒருவரே தனித்துக் கண்டார் எனப் பாடநூல்கள் கூறும்போது, கருவியின் புதுமை கருத்தின் வரலாற்றை மறைத்துவிடுகின்றது. இக்குறை நூலுக்கு உரியதிலும் அதனைப் போற்றியோர்க்கே பெரிதும் உரியது.

இரண்டாவது குறை வழிமுறை பற்றியது. இது நூலுக்கே உரியது. குறியிட்ட அமினோவமிலம் புரதத்திற் புகுந்தது என்பது சோதனை காட்டிய உண்மை. அது எவ்வாறு புகுந்தது என்பது ஊகம். புரதத்தின் பெப்தைட்டுப் பிணைப்புகள் இடையறாது திறந்து மூடுகின்றன என்றும், அவ்வேளை ஓரமினோவமிலம் விலக மற்றொன்று அவ்விடத்தை நிரப்புகின்றது என்றும் ஷோன்ஹைமர் கருதினார். வேய்ந்த கூரையிலிருந்து ஒரு கிடுகை உருவிவிட்டு அவ்விடத்தில் வேறொரு கிடுகைச் செருகுவது போன்றது இக்கருத்து. பின்னர் அறியப்பட்டது வேறு. புரத மூலக்கூறு முழுதாகவே சிதைக்கப்படுகின்றது. இறைபோசோமில் முழுதாகவே புதிதாகத் தொகுக்கப்படுகின்றது. கூரை முற்றாகப் பிரிக்கப்பட்டுப் பின்னர் முற்றாக வேயப்படுகின்றது. நல்ல கிடுகுகள் மட்டும் மீண்டும் பயன்படுகின்றன. கொழுப்பமிலங்களின் வரலாறும் இதனோடு ஒக்கும். அவை இழைமணியிற் சிதைவதை 1949இல் கென்னடி, லெனின்ஜர் ஆகியோர் காட்டினர். அவற்றின் தொகுப்போ கலத்தின் குழியவுருவில், மலோனைல் துணைநொதியம் ஏ வாயிலாக, வேறு வழியில் நிகழ்வது 1950களின் இறுதியிற் புலனாயிற்று. ஆக்கமும் அழிவும் ஒரே பாதையின் போக்கும் வரவும் அல்ல. தனித்தனிக் காவலுடைய இரு ஒருவழிப் பாதைகள். குறியிட்ட அணு எங்கே புறப்பட்டது, எங்கே சேர்ந்தது என்பதைச் சமதானி முறை கூறும். நடந்த வழியைக் கூறுதற்கு நொதியங்களைப் பிரித்தெடுத்து ஆராயவேண்டியிருந்தது.

மூன்றாவது குறை பொதுமைப்படுத்தலின் வேகம். ஈரலின் புரதங்கள் அனைத்தையும் ஒருங்கு சேர்த்து அளந்தால் கிடைப்பது சராசரியே. கொலம்பியாவில் அதே குழுவைச் சேர்ந்த ஷெமின், குறியிட்ட கிளைசீனைத் தாமே உட்கொண்டு செங்குழியங்களின் ஆயுளை ஆராய்ந்தார். அவை ஏறக்குறைய 127 நாள்கள் வாழ்கின்றன என்பதை 1946இல் அவரும் றிட்டன்பேர்க்கும் அறிவித்தனர். செங்குழியத்துள் அமைந்த ஈமோகுளோபினின் குறி அக்குழியம் அழியும் வரை நீங்கவில்லை. அங்கே ‘ஓயாத மாற்றம்’ இல்லை. 1955இல் ஹொக்னெசு, கோன், மொனோ ஆகியோர் வளரும் பற்றீரியாவில் ஒரு நொதியத்தை ஆராய்ந்து, அது சிறிதுஞ் சிதையாது நிற்கின்றதெனக் கண்டனர். விலங்குகளிற் கண்ட மாற்றமுங் கலங்கள் மடிவதாலோ புரதம் சுரந்து வெளியேறுவதாலோ தோன்றிய மயக்கமாகலாம் என்று அவர்கள் ஐயுற்றனர். இயங்குநிலைக் கொள்கை முழுதும் சரிந்துவிடுமோ என்னும் நிலை அப்போது உண்டாயிற்று.

அது சரியவில்லை, திருத்தம் பெற்றது. புரதஞ் சிதைதற்கும் ஆற்றல் தேவைப்படுகின்றது என்பதனைச் சிம்சன் 1953இலேயே ஈரல் துண்டுகளிற் காட்டியிருந்தார். வெறும் நீர்ப்பகுப்பாயின் ஆற்றல் எதற்கு என்னும் வினாவுக்கு விடை கிடைக்க நெடுங்காலஞ் சென்றது. அழிக்கவேண்டிய புரதத்துக்கு யுபிகுயிற்றின் என்னுஞ் சிறு புரதத்தை ஆற்றல் செலவிட்டுக் கலம் அடையாளமாகச் சூட்டுகின்றது என்பதனை ஹெர்ஷ்கோ, சீகனோவர், றோஸ் ஆகிய மூவர் விளக்கினர். 2004இல் இரசாயன நொபெற் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. ஆகவே அழிவு தற்செயலான தேய்மானமன்று. தெரிந்து செய்யப்படும் பணி. சில நொதியங்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதி அழிகின்றன. கண்வில்லையின் நடுவிலுள்ள புரதங்களோ வாழ்நாள் முழுதும் மாறாது நிற்கின்றன. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிராம் புரதம் சிதைந்து மீளத் தொகுக்கப்படுகின்றது. உண்பதோ அதனிற் பெரிதுங் குறைவு. ஊரிலுள்ள வீடுகள் யாவும் வேயப்படுவன எனினும் எல்லாம் ஒரே நாளில் வேயப்படுவதில்லை. நூல் கூறாது விட்டது இவ்வேற்றுமையையே.

இந்நூலின் முடிபைக் கேட்ட தமிழ் மாணவன் ஒருவனுக்கு நாலடியாரின் ‘யாக்கை நிலையாமை’ அதிகாரம் நினைவுக்கு வருதல் இயல்பு. முன்னோர் இதனை முன்னரே கூறினர் என மகிழ்தலும் எளிது. ஆயின், அவ்வாறு கூறுதல் இரண்டுக்கும் நீதி செய்வதாகாது. அறநூலார் கூறியது உடல் அழியும் என்பது. அழியுமுன் அறஞ் செய்க என்பது அதன் பயன். ஷோன்ஹைமர் காட்டியது உடல் மாறுவதனாலேயே நிற்கின்றது என்பது. முன்னையது வாழ்வை நோக்கிய அறிவுரை. பின்னையது எலியின் சிறுநீரிலும் இழையத்திலும் அளந்து பெற்ற விடை. ஒன்றை மற்றொன்றின் சான்றாக்கினால் அறமுந் தெளியாது, அறிவியலும் வளராது.

இன்று உயிரிரசாயனம் பயில்வோர் முன் அனுசேபப் பாதைகள் அனைத்தும் ஒரே பெரும் படமாக விரிக்கப்படுகின்றன. அம்புக்குறிகளை மனனஞ் செய்தோர் தேர்வில் நன்கு எழுதுவர். ஆனால் ஒவ்வோர் அம்புக்குறியின் பின்னும் ஒரு கேள்வியும், ஒரு சோதனையும், பெரும்பாலும் ஒரு பிழையும் உள்ளன என்பதனை அப்படம் கூறுவதில்லை. ஷோன்ஹைமரின் சிறுநூலை இன்றும் படித்தற்குரியதாக்குவது அதன் முடிபுகளின் சரிவு மட்டுமன்று. சோதனை கூறியது எது, ஆசிரியர் ஊகித்தது எது என்று வாசகன் தானே பிரித்தறியும் வண்ணம் சான்றுகள் அதில் வெளிப்படையாக வைக்கப்பட்டிருத்தலுமாகும். அவருடைய பிழையைத் திருத்தியோரும் அவர் தந்த குறியிடும் முறையைக் கொண்டே திருத்தினர்.

தன்னைத் திருத்துங் கருவியைத் தானே தந்து செல்லும் நூல் முழுதும் மெய்யாக நிற்பதில்லை. முழுதும் பொய்யாக வீழ்வதுமில்லை. உடலைப் பற்றி அது கூறியதே அதற்கும் பொருந்துகின்றது: பகுதிகள் நீங்கிப் புதியன புகுந்துகொண்டிருக்க, அமைப்பு நிலைபெறுகின்றது.