தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலச் சொற்கற்பித்தல்: பேராக் தோட்டப் பின்னணியில் ஒரு மதிப்பீடு

பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளுள் பல பால்மரக் காடுகளின் நடுவே எழுந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இன்று ரப்பர் பெரும்பாலும் செம்பனைக்கு இடங்கொடுத்துவிட்டது. குடும்பங்கள் பல ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. எனினும் தோட்டத்துச் சொற்கள் வீட்டுப் பேச்சில் எஞ்சி நிற்கின்றன. ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கும்போது இச்சொற்களையும், பொதுவாகத் தமிழையும், வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிடும் போக்கையே நாம் இங்கு மறுக்கின்றோம்.

2018-இல் ஐரோப்பியப் பொது மொழித்தர அளவீட்டைத் தழுவிய பாடத்திட்டத்துடன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் 'சூப்பர் மைண்ட்ஸ்' என்னும் நூல் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. வீட்டின் பகுதிகளைக் கூறும் அதன் பாடத்தில் 'செல்லர்' என்னும் சொல்லும் உண்டு. லயத்து வீட்டிலோ ஈப்போவின் அடுக்குமாடியிலோ அப்படியோர் அறை இல்லை. இதனைக் காட்டி அந்நூலைப் பழிப்பது எளிது. ஆயினும் அயற்பொருளைக் குறிக்கும் சொல்லைக் கற்பதில் தவறில்லை. 'நிலவறை' என ஒரு சொல் கூறின் பொருள் நொடியில் விளங்கும். ஆங்கில வகுப்பில் ஆங்கிலமே பேசவேண்டும் என்னும் கொள்கையால் அந்த ஒரு சொல்லைக் கூறத் தயங்கி, படமும் சைகையுமாகப் பாடவேளையின் ஒரு பகுதியைக் கழிப்பதே குறை. சொல்லின் பொருளை உணர்த்தத் தாய்மொழிப் பெயர்ப்பு பயனுள்ள வழி என்பதைச் சொற்கற்றல் ஆய்வாளர் பால் நேஷனும் வலியுறுத்தியுள்ளார்.

பொருள் தெரிந்தமட்டில் சொல் தெரிந்ததாகாது என்பதும் அவர் கருத்தே. நம் பள்ளிகளின் பழைய வழக்கம் இவ்விடத்தில்தான் தடுமாறுகிறது. ஏட்டை இரு பத்தியாகப் பிரித்து, இடப்புறம் ஆங்கிலம், வலப்புறம் தமிழ் என எழுதி, சொல்வதெழுதுதலில் முழுப்புள்ளி பெற்ற மாணவர் அச்சொல்லை ஒரு வாக்கியத்தில் ஆள முடியாமல் திகைப்பதைக் காண்கிறோம். அறிமுகமான சொற்களிலேயே இவ்விடர் மிகுதி. 'டேப்' என்பதற்குக் குழாய் என்று எழுதிய குழந்தை, தன் பாட்டியின் தொழில் ஆங்கிலத்தில் 'டேப்பர்' எனப்படுவதைக் கேட்டால் குழாய்க்காரி என்றல்லவா எண்ணும்! மரத்தைச் சீவி அதன் சாற்றை வடியச் செய்வதும் அச்சொல்லின் பொருளே. அவ்வாறே 'மில்க்' என்றால் பால். ஆனால், பாட்டி வெட்டிய பாலுக்கு ஆங்கிலத்தில் 'லேட்டெக்ஸ்' என்னும் வேறு சொல் வேண்டும்.

'ரைஸ்' என்னும் சொல்லோ இன்னும் வளமான சான்று. நெல், அரிசி, சோறு எனத் தமிழ் பிரித்துக் கூறுவதை மலாய்மொழியும் பாடி, பெராஸ், நாசி எனப் பிரிக்கிறது. இவற்றுள் அரிசியையும் சோற்றையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கும். நெல்லைக் குறிக்கும் 'பேடி' அதற்கு மலாயிலிருந்து சென்றது. இரு மொழிகளில் இவ்வேறுபாட்டை அறிந்த ஏழு வயதுக் குழந்தைக்கு 'ரைஸ் = சோறு' என்று மட்டும் எழுதிக்கொடுப்பது அதன் அறிவைக் குறைத்து மதிப்பதாகும். மலாய் இடர் தருவதும் உண்டு. ஒரே மூன்று உரோமன் எழுத்துகள் மலாயில் 'ஆயர்' என நீரையும் ஆங்கிலத்தில் 'ஏர்' எனக் காற்றையும் குறிக்கின்றன. இதனை ஆசிரியர் எடுத்துரைக்காவிடில் மாணவரின் பிழை கவனக்குறைவாகவே கணிக்கப்படும்.

இது மொழிப்பாடத்தோடு நிற்பதன்று. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது தமிழ்ப்பள்ளிகளும் மாறின. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்து, விரும்பிய பள்ளிகளுக்கு மீண்டும் அவ்வழியைத் திறந்தது. இரு திட்டங்களையும் பற்றி நம்மவரிடையே நிகழ்ந்த வாதம் பயிற்றுமொழி எது என்பதிலேயே முடங்கியது. 'எவாப்பரேஷன்' என்னும் சொல்லை முதன்முதலாகக் கேட்கும் மாணவர், காயும் துணியையும் கொதிக்கும் உலைநீரையும் 'ஆவியாதல்' என்னும் தமிழ்ச்சொல்லால் முன்னரே ஒன்றிணைத்துக் கண்டவரா, அல்லது அந்த ஆங்கில ஒலியை மட்டும் மனனஞ் செய்பவரா என்று கேட்டவர் சிலரே.