இழிசொல் எவர் உரிமை?

யாழ்ப்பாணத்துப் படித்தோர் நடுவே ஒரு முறைப்பாடு நெடுங்காலமாக உலவி வருகின்றது. ஒடுக்கப்பட்ட மக்களிடையே தோன்றிய எழுத்தாளன் தன் சாதிப் பெயரையும் அதனோடு ஒட்டிய வசைகளையும் தாராளமாக எழுதலாம். அதே சொல்லை மற்றவர் சொன்னால் குற்றமாகின்றது. இது ஓரவஞ்சனை அல்லவா என்பதே அம்முறைப்பாடு. சமத்துவக் கோரிக்கை போலத் தோன்றும் இக்கூற்றை நாம் சற்று உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஓரவஞ்சனை எங்கே தொடங்கியது? 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை இலக்கிய மாணவர் அறிவர். உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைக் கதைகளிலே கையாண்ட முற்போக்கு எழுத்தாளரைப் பழமைவாதப் பண்டிதர்கள் எதிர்த்தனர். அம்மொழிக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'இழிசனர் வழக்கு' என்பது. இலக்கணத்தின் பேரால் வீசப்பட்ட அச்சொல்லே ஒரு வசையன்றோ? கிணற்றடியிலும் வயல் வரம்பிலும் கோயில் வீதியிலும் சாதிவசை நாள்தோறும் ஒலித்தபொழுது தமிழின் தூய்மை கெட்டதென்று இவர்கள் வருந்தவில்லை. வசைக்கு ஆளானவன் அதனை ஏட்டில் எழுதிக் காட்டியபொழுதுதான் நாகரிகம் பற்றிய கவலை பிறந்தது.

கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்திலே தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட ஐந்து சாதியினரைக் குறிக்கும் பெயரையே அவர் நாவலின் தலைப்பாக்கினார். அப்பெயர் எத்தகைய வாழ்க்கையோடு ஒட்டியிருந்தது என்பதை நினைவுகூர்தல் தகும். சாதியின் பேரால் பொதுவிடங்களை மறுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இலேயே நிறைவேறியது. இருந்தும் 1966 ஒக்டோபர் 21 ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஒடுக்கப்பட்ட மக்களின் ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. தேநீர்க்கடையில் இருக்கை இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, கோயிலுள் வழி இல்லை என்ற மறுப்புக்களின் குரலாகவே சாதிவசை ஒலித்தது. மேலிருப்பவன் அதனைச் சொல்லும்பொழுது அம்மறுப்பு அவன் கையில் இருக்கின்றது. டானியல் எழுதும்பொழுது அது அம்மறுப்புக்கு எதிரான சாட்சியமாகின்றது. அடித்தவனும் அடிபட்டவனும் தழும்பைப் பற்றி ஒரே உரிமையோடு பேசுதல் இயலாது. தம் தொழிலைச் சொல்லி இகழும் ஒரு சமூகத்தின் நடுவே, முடிதிருத்தும் நிலையத்திலிருந்தே 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவாவின் செயலும் இத்தகையதே.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கன்று. அமெரிக்கக் கறுப்பின மக்கள், அடிமைக் காலத்திலிருந்து தம்மேல் வீசப்பட்ட வசையைத் தம்முள்ளே உறவுச் சொல்லாக வழங்கியதுண்டு. மேடை நகைச்சுவையாளர் ரிச்சர்ட் பிரையர் அதனைத் தம் இசைத்தட்டின் தலைப்பிலேயே வைத்தார். 1979 இல் கென்யா சென்று திரும்பிய பின்னர், இனி அதனைச் சொல்வதில்லை என்று கைவிட்டார். ஆளலாமா, விடலாமா என்ற விவாதம் அம்மக்களுக்குள்ளேயே நடந்தது. அதிலே தீர்ப்புக் கூறும் உரிமை வெள்ளையருக்கு இல்லை.

அப்படியாயின் பிறப்பொன்றே அனுமதிச் சீட்டாகுமா? ஆகாது. கலைப் படைப்பிலே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வசை விழும்பொழுது படைப்பு எவர் பக்கத்தில் நிற்கின்றது? 2018 இல் வெளிவந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' திரைப்படத்தில் இழிவுரைகள் உண்டு. ஆனால் அவை விழுகின்ற முகத்தையே நாம் காண்கின்றோம். அவமானப்பட்டவனோடு நாமும் கூசுகின்றோம். கறுத்த மேனியையும் குலத்தொழிலையும் பழித்துச் சிரிப்பூட்டும் திரைப்பட நகைச்சுவையோ நம்மை வசைபாடுபவனின் தோளோடு தோள் நிறுத்துகின்றது. முதலாவதைக் கண்டு முகஞ்சுளித்து, இரண்டாவதைக் குடும்பத்தோடு இருந்து இரசிப்பவர் நாகரிகம் பேசுதல் பொருந்துமா?

இக்கேள்வியை நாம் நம் பக்கமும் திருப்புதல் வேண்டும். 'பறத் தெமிழ' என்ற வசை தமிழர் நெஞ்சில் ஆறாத புண். 1958 இலும் 1983 இலும் தென்னிலங்கையிலிருந்து உயிர்தப்பி வந்தோர் அதன் பொருளை நன்கறிவர். அதனைக் கேட்டுக் கொதிக்கும் நாவிலேயே 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி', 'தொப்பிபிரட்டி' என்ற சொற்களும் குடியிருக்கின்றன. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களின் பேச்சை நையாண்டி செய்வது நமக்கு வேடிக்கை. முஸ்லிம்களை ஏசுவது வெறும் வாய்ச்சொல் என்போர், 1990 ஒக்டோபரில் அம்மக்கள் விடுதலைப் புலிகளால் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்டதை எண்ணிப் பார்க்கட்டும். தமிழருக்குத் தனியரசு கோரிய சி. சுந்தரலிங்கமே 1968 இல் மாவிட்டபுரத்தில் தமிழரை வழிமறித்து நின்றார். ஓரிடத்தில் ஒடுக்கப்படுபவன் மற்றோரிடத்தில் ஒடுக்குபவனாக நிற்கக் கூடும். முன்னதால் பெற்ற புண் பின்னதற்கு உரிமைப் பத்திரமாகாது. மலையக எழுத்தாளர்கள் 'தோட்டக் காட்டினிலே' என்று தம் கதைத்தொகுதிக்குப் பெயரிட்டனர். அப்பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லும் உரிமை அவர்களுடையது. அதனை நையாண்டிக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை யாழ்ப்பாணத்தானுக்கு அதனால் வந்துவிடவில்லை.

வகுப்பறையில் டானியலைக் கற்பிக்கும் ஆசிரியர் அச்சொற்களைத் தாவிச் செல்ல வேண்டியதில்லை. தாவினால், சொல்லோடு சேர்ந்து அது நிகழ்த்திய கொடுமையும் மறைந்துபோகும். இதனை எவன் சொன்னான், எவனை நோக்கிச் சொன்னான், சொன்னவன் கையில் எந்தக் கிணறும் எந்தக் காணியும் இருந்தன என்று மாணவரைக் கேட்கச் செய்யுங்கள். அக்கேள்விகளுக்கு விடை தேடிய மாணவன், 'அவர்கள் சொல்லலாம், நாம் சொன்னால் குற்றமா?' என்று முறையிட மாட்டான். அச்சொல்லைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற விருப்பம் தன்னுள் எங்கிருந்து வந்தது என்று அவன் ஆராயத் தொடங்குவான்.