கயிறு மெய், மீன் வேறு

எர்னஸ்ட் ஹெமிங்வே 1952-இல் வெளியிட்ட ‘கடலும் கிழவனும்’ நாவலைப் படித்திருப்பீர்கள். கியூபாவை அடுத்து ஓடும் வளைகுடா நீரோட்டத்தில், சாண்டியாகோ என்னும் கிழவன் தனியாக ஒரு பெரும் மார்லின் மீனோடு போராடும் கதை அது.

தூண்டிற்கயிற்றைக் கிழவன் படகில் கட்டிவிடுவதில்லை. முதுகில் தாங்கி, மீன் பாயும்போது சிறிது விட்டுக்கொடுக்கிறான். ஏன்? கட்டிய கயிற்றை மீன் வெடுக்கென்று இழுத்தால், உந்தம் மிகக் குறுகிய நேரத்தில் மாற வேண்டும். விசை பெருகிக் கயிறு அறுந்துவிடும். நேரத்தை நீட்டினால் விசை குறையும். பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பதும் இதற்காகவே. பொழுதுபோக்காக மீன்பிடிப்போரின் தூண்டில் உருளையிலுள்ள தடையும் இதே வேலையைச் செய்கிறது. ஆசிரியர் அக்கடலில் மார்லின் பிடித்தவர். எழுத்தில் அது தெரிகிறது.

1958-இல் வந்த திரைப்படத்தில் இந்தக் கவனம் இல்லை. அதன் மீன் காட்சிகள் சில, 1953-இல் பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த கருமார்லினுடையவை. எடை 1,560 பவுண்டு, அதாவது சுமார் 708 கிலோ. படத்திலேயே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். என்றாலும், கருமார்லின் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களுக்கு உரியது. கியூபாக் கடலின் பெருமீன் நீலமார்லின். முன்னது வளர்ந்தபின் மார்புத் துடுப்பை உடலோடு மடக்காது; பின்னது மடக்கும்.

நாவலிலும் ஒரு குறை உண்டு. கிழவன் தன் மீனை ஆணாகவே எண்ணுகிறான். நீலமார்லினில் ஆண் சிறியது. அவ்வளவு பெருத்தது பெண்ணாகத்தான் இருக்கும். இதைக் கிழவனின் எண்ணம் என்று பொறுக்கலாம். கடலையே மாற்றிய படத்தை அப்படிப் பொறுக்க முடியவில்லை.

நாவலை முதலில் படியுங்கள். கயிறு வரும் பக்கங்களில் சற்று நின்று, அது ஏன் அறவில்லை என்று கணக்கிட்டுப் பாருங்கள்.