யாருடைய பிள்ளை காணாமல் போனால் கதை தொடங்குகிறது?

பொண்ணைக் காணோம் என்று ஸ்டேஷன் படியேறினால் சேரித் தாயிடம் முதலில் கேட்கப்படுவது என்ன? "எவன்கூடப் போனா?" அடுத்து வருவது புத்திமதி: "எங்கனா போயிருப்பா, ரெண்டு நாள்ல தானா வந்துடுவா, போ." திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துக் காலனிகளில் இதைப் பெரிசாக விளக்க வேண்டியதில்லை. இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு 'சுழல்' என்ற பிரதியை வாசித்துப் பார்ப்போம்.

2022 ஜூனில் அமேசான் பிரைமில் எட்டுப் பாகங்களாக வந்த தொடர் இது. புஷ்கர்-காயத்ரி எழுத, பிரம்மாவும் அனுசரணும் இயக்கினார்கள். சாம்பலூர் என்றொரு கற்பனை ஊர், அங்கே ஒரு சிமெண்ட் ஆலை. மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிற நாட்களில் ஆலை தீப்பற்றுகிறது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் (பார்த்திபன்) சின்ன மகள் நிலா காணாமல் போகிறாள். பெரிய மகள் நந்தினி (ஐஸ்வர்யா ராஜேஷ்) ஊர் திரும்புகிறாள். சப்-இன்ஸ்பெக்டர் சக்கரை (கதிர்) தேடுகிறார். ஒரு கட்டத்தில் இன்ஸ்பெக்டர் ரெஜினாவின் (ஸ்ரேயா ரெட்டி) மகனும் நிலாவோடு காணாமல் போனவன் என்று தெரியவருகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பார்க்கிறவர்களின் சந்தேகம் முதலாளி, பகையாளி, முன்பின் தெரியாதவன் என்று வெளியிலேயே அலைகிறது. குற்றவாளியோ வீட்டுக்குள் வளைய வரும் சொந்த ரத்தம். பெரியவளுக்குச் சின்ன வயசில் நடந்ததுதான் சின்னவளுக்கும் நடந்திருக்கிறது. இரண்டு பேரின் வாயையும் குடும்பம் என்ற ஏற்பாடே அடைத்து வைத்திருக்கிறது. போராட்ட மேடையில் முழங்குகிற தகப்பன், தன் வீட்டில் நடப்பதைக் காணவில்லை. குடும்பத்தைக் கோயிலாக்கிக் கும்பிட்டே பழகிய தமிழ்த்திரையில் இது சின்ன விஷயமில்லை. 2012இன் போக்சோ சட்டத்தின்கீழ் பதிவாகும் வழக்குகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்தவர்தான் என்பதோடும் இது ஒத்துப்போகிறது.

ஆனால் இந்தக் கதை எதன்மேல் நிற்கிறது? தேடுவதற்கு ஆள் இருக்கிறது என்பதன்மேல். போனவள் சங்கத் தலைவர் மகள், போனவன் இன்ஸ்பெக்டர் மகன். ஆகவே ஸ்டேஷனே தூங்காமல் அலைகிறது. துப்பு, திருப்பம், திகில் எல்லாம் அதற்கப்புறம் வருபவை. போலீஸ் தேடாவிட்டால் இரண்டாம் பாகமே கிடையாது. துப்பறியும் கதை என்ற வடிவத்துக்குள்ளேயே ஒரு சமூகச் சலுகை ஒளிந்திருக்கிறது என்கிறேன்.

அந்தச் சலுகை இல்லாதவர்களின் கதை எப்படி ஓடுகிறது? 2016 டிசம்பர் கடைசியில் அரியலூர் மாவட்டத்தில் பதினெட்டு நிரம்பாத தலித் சிறுமி ஒருத்தி காணாமல் போனாள். புகார் கொடுத்தும் போலீஸ் தேடவில்லை என்று குடும்பம் கதறியது. 2017 பொங்கல் நாளில் கிணற்றிலிருந்து உடல் எடுக்கப்பட்டது. டில்லிக்குப் பக்கத்து நிதாரியில் பிழைக்க வந்த கூலிக்காரர்களின் பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் காணாமல் போனார்கள். பெற்றவர்கள் சொன்னதைக் கேட்க நாதியில்லை. 2006 டிசம்பரில் சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. தண்டிக்கப்பட்ட இருவரும் மேல்முறையீடுகளில் விடுதலையாக, 2025இல் கடைசி வழக்கும் முடிந்தது. புலனாய்வின் லட்சணம் இதுதான். குழந்தை காணோம் என்று புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆகவேண்டும் என்று 2013 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. எழுதுவதற்கே ஆணை தேவைப்பட்டது என்றால், அதற்குமுன் எத்தனை புகார்கள் எழுதப்படாமல் போயிருக்கும்? நமக்குத் திகில், குற்றவாளி யார் என்ற புதிரில் இல்லை. புகார் எழுதாமல் கிடக்கிற பேனாவில் இருக்கிறது.

தேடல் தொடங்கினாலும் அது எல்லார் மேலும் ஒரே மாதிரி பாய்வதில்லை. 2015 ஜூனில் ஆம்பூரில் என்ன நடந்தது? காணாமல் போன ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்கப் போலீஸ் கூட்டிப்போன முஸ்லிம் இளைஞர் ஆஸ்பத்திரியில் செத்தார். ஊர் கலவரமானது. அந்தப் பெண் பிற்பாடு உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டார். 'சுழ'லின் போலீஸ்காரர்கள் மனச்சாட்சியோடு போராடுகிறார்கள். நம் ஊர் ஸ்டேஷன் சுவருக்குப் பின்னால் எந்த மனச்சாட்சி வேலை செய்தது?

இன்னொன்றும் உண்டு. மயானக் கொள்ளை வட ஆர்க்காட்டு, தென்னார்க்காட்டு மண்ணின் சடங்கு. மேல்மலையனூரிலும் வேலூர்ப் பாலாற்றங்கரையிலும் மாசி அமாவாசையில் உழைக்கிற சனம் அங்காளம்மனாக வேஷம் கட்டி ஆடுகிறது. தொடர் அந்த உக்கிரத்தைத் தூக்கிக்கொண்டு போய் மலைப்பாங்கான கற்பனை ஊரில் நட்டுவைக்கிறது. நந்தினியின் பழிவாங்கலுக்குத் தெய்வச் சாயல் கிடைத்துவிடுகிறது. ஆட்டம் வந்தது, சாமி வந்தது, பறை வந்தது. அடிக்கிறவன் குடியிருக்கிற சேரி வரவில்லை. ஆலை உண்டு, வேலைநிறுத்தம் உண்டு, சாதி மட்டும் இல்லை. சாம்பலூரில் உண்மையிலேயே காணாமல் போயிருப்பது சேரிதான். அதை யாரும் தேடவில்லை.

இதனால் நம் வீடுகளில் ரகசியமே இல்லை என்று தப்பித்துக்கொள்ளவும் முடியாது. ஒற்றை அறை வீட்டிலும் சித்தப்பனும் மாமனும் உண்டு. அம்மா ஷூ கம்பெனிக்குப் போனபிறகு வீட்டில் தனியாயிருக்கிற பிள்ளையும் உண்டு. "வெளிய சொன்னா நம்ம சாதிக்குத்தான் அசிங்கம்" என்று அமுக்குகிற நம்மாட்களும் உண்டு. ஸ்டேஷன்மேல் நம்பிக்கையில்லாததால் வீட்டுக்குள்ளேயே பஞ்சாயத்து முடிகிறது, குற்றவாளி அதே பாயில் உட்கார்ந்து சோறு தின்கிறான். இரண்டு பக்கமும் அடைபட்ட அந்தப் பிள்ளையின் கதையை 'சுழல்' எழுதாது. எழுதவேண்டியது தோல் ஷாப்புத் தெருவில் வளர்ந்த நம் பெண்கள். போலீஸைத் திட்டுகிற பக்கத்தோடு, நம் வாசலைத் திறந்து காட்டுகிற பக்கமும் அதில் இருக்கட்டும்.