கூட வருகிறவர்கள்

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி ஒரு நாவலாசிரியன் எழுத வேண்டுமா என்று வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கதை சொல்கிற காரியம் எங்கே நடந்தாலும் எட்டிப் பார்ப்பது என் வழக்கம். அதிலும் 1997க்கும் 2000க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் உருவான சில விளையாட்டுகளை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 'ரோல் பிளேயிங்' என்று அவற்றுக்குப் பெயர். விளையாடுகிறவன் ஒரு வேஷம் ஏற்கிறான். வழியில் அகப்படுகிற நாலைந்து பேரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறான். ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறான், சண்டை போடுகிறான்.

இவற்றின் ரசிகர்களிடையே நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. எழுத்துத்தான் உயிர், சண்டை வெறும் தொல்லை என்பார்கள் ஒரு சாரார். வாள் வீச வந்தவனை உட்கார்த்திவைத்து வாசிக்கச் சொல்வதா என்பார்கள் மறு சாரார். எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் நான் முதல் கட்சியில் சேர்ந்திருக்க வேண்டும். சேர முடியவில்லை. அதற்குக் காரணம் அந்தத் துணைவர்கள்தான்.

1997ல் வந்த 'ஃபால்அவுட்', அணுகுண்டுப் போருக்குப் பிறகு பாழாய்ப் போன கலிபோர்னியாவில் நடக்கிற கதை. அதில் இயன் என்று ஒரு துப்பாக்கிக்காரன் கூட வருவான். பேச்சு அதிகமில்லை. சண்டையில் அவனுக்கு உத்தரவு போட முடியாது. தன் இஷ்டப்படி சுடுவான். இயந்திரத் துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டாலோ சரமாரிதான். எதிரிக்கும் அவனுக்கும் நடுவே நீங்கள் நின்றால் உங்கள் முதுகு துளைபடும். இது விளையாட்டைச் செய்தவர்களின் கைக்குறை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விளையாடியவர்கள் யாரும் இயனை மறப்பதில்லை. நான் மாதக்கணக்கில் பாடுபட்டு எழுதிய சில பாத்திரங்களுக்கு இந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை! அதே விளையாட்டில் டாக்மீட் என்று ஒரு நாயும் வருகிறது. அதற்கு வசனமே கிடையாது. காலைச் சுற்றி ஓடி, எதிரி மேல் பாய்ந்து கடித்து, அடிபட்டு விழுகிறது. அதன் சாவுக்கு வருந்தியவர்கள் ஏராளம்.

கனடாவின் பயோவேர் நிறுவனம் 1998 டிசம்பரில் கொண்டுவந்த 'பால்டர்ஸ் கேட்' வேறு ரகம். இதில் நாயகனையும் சேர்த்து ஆறு பேர். சண்டை நடந்துகொண்டே இருக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் காலம் அப்படியே உறைந்துவிடும். ஆறு பேருக்கும் தனித்தனியே ஆணையிட்டுவிட்டு மறுபடி ஓட விடலாம். மந்திரவாதி ஏவுகிற தீயுருண்டை சொந்தக்காரன், எதிரி என்று பாராமல் எரிக்கும். ஆகவே யாரை முன்னே நிறுத்துவது, யாரை ஒதுக்குவது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. எழுத்து சாதாரணம்தான். துணைவர்கள் பேசுவது ஆளுக்குச் சில வரி. காலித் என்பவன் திக்கிப் பேசுகிற, பயந்த சுபாவமுள்ள போர்வீரன். அவன் மனைவி ஜஹைரா அதட்டிப் பேசுகிறவள். பயந்தவனாயிற்றே என்று பார்க்க முடியாது. கவசம் போட்டவன் அவன், முன்வரிசையில் நின்று அடிவாங்க வேண்டியவனும் அவன்தான்.

2000ல் வந்த இரண்டாம் பாகத்தில், ஆரம்பத்திலேயே, ஒரு நிலவறையில் காலித் பிணமாகக் கிடக்கிறான். பக்கத்தில் ஜஹைரா. ஆசிரியர்கள் அங்கே பெரிதாக ஒன்றும் எழுதிவிடவில்லை. ஆனால் முதல் பாகம் முழுவதும் அந்தத் திக்குவாய்க்காரனை முன்னே நிறுத்தி உயிர் பிழைத்தவனுக்கு, அந்த இடத்தில் கை ஓடாது. அவனைச் சேர்த்துக்கொள்ளாமலே ஆடி முடித்தவனுக்கு அது இன்னொரு பிணம். ஒரே எழுத்து, இரண்டு வாசிப்பு. முதல் பாகத்தில் உங்கள் கையில் அவன் செத்தே போயிருந்தாலும் இரண்டாம் பாகம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாவுக்கு மதிப்பில்லாமல் போவது இந்த விளையாட்டுகளின் பொதுவான நோய். துணைவன் இறந்தால் கோயிலில் காசு கொடுத்து எழுப்பலாம்; அதற்கும் பொறுமையில்லாவிட்டால், முன்பு பதிவுசெய்துவைத்த கட்டத்துக்குத் திரும்பிப் போய்விடலாம். எழுத்துக்குப் பகை சண்டை என்கிறவர்கள் இதை ஏன் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

இந்த நோயையே கதையாக்கிய விளையாட்டு, பிளாக் ஐல் ஸ்டூடியோஸ் 1999 டிசம்பரில் வெளியிட்ட 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்'. எழுத்துக் கட்சிக்காரர்கள் கொடியாகப் பிடிப்பது இதைத்தான். கிறிஸ் அவலோன் தலைமையில் எழுதப்பட்டது. பல லட்சம் வார்த்தைகள். வார்த்தைகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பூரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. வர்ணனையில் மூன்றில் ஒரு பங்கை நானாயிருந்தால் வெட்டியிருப்பேன். சண்டையோ இன்னும் மோசம், நெரிசலும் குழப்பமும்தான். இறுதி மோதலைக்கூடப் பேச்சாலேயே முடித்துவிடலாம். அதனால்தான், சண்டையை ஒதுக்கிவிட்டு நாவல் போல் படியுங்கள் என்று சிபாரிசு செய்கிறார்கள்.

நாயகனுக்குப் பெயரில்லை. ஸிகில் என்ற நகரத்தின் பிணக் கிடங்கில் விழித்தெழுகிறான். பலமுறை செத்து எழுந்தவன். முன்பெல்லாம் யாராக இருந்தோம் என்பது மறந்துபோனவன். அவனோடு சேருகிற டாக்கன் ஒரு கிழ வாள்வீரன். அடிமைத்தளையை உடைத்துக்கொண்டு வந்த இனத்தைச் சேர்ந்தவன். ஏந்துகிறவனின் மனம் எப்படியோ அப்படி உருமாறும் வாள் அவனுடையது. தன் இனத்து ஞானியின் உபதேசம் அடங்கிய ஒரு கல்வட்டத்தை அவன் வைத்திருக்கிறான். தட்டுத் தட்டாகத் திறந்து நாயகனுக்கும் கற்பிக்கிறான். ஏன் கூட வருகிறான் என்பது வெகுநேரம் தெரிவதில்லை. பிறகு தெரிகிறது. நம்பிக்கை இழந்து சாகக் கிடந்தவனிடம் அந்த வட்டத்தைக் கொடுத்தவன் நாயகன்தான், முந்திய ஒரு வாழ்வில். இரக்கத்தால் அல்ல, அந்த வாள் தனக்குப் பயன்படும் என்ற கணக்கில். நீ சாகும்வரை உனக்கு ஊழியம் செய்வேன் என்று டாக்கன் சத்தியம் செய்துவிட்டான். நாயகனுக்கோ சாவு கிடையாது. விடுதலை பெற்ற இனத்தில் பிறந்தவன் மீளாத அடிமையாகிவிட்டான்.

இதை நாவலில் எழுதலாம். நான்கூட எழுதியிருப்பேன். ஆனால் நாவல் வாசகன் அந்தப் பழைய நாயகன் மேல் கோபப்பட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவான். விளையாடுகிறவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. உண்மை தெரிகிற நாள்வரை டாக்கனை அவனும் வாளாகத்தான் பாவித்திருக்கிறான். சந்துபொந்துகளில் குண்டர்கள் சூழ்ந்தபோதெல்லாம் அவனை முன்னே விட்டிருக்கிறான், அடிபட்டால் மருந்து கொடுத்து மறுபடி அனுப்பியிருக்கிறான். முந்திய வாழ்வின் அயோக்கியன் செய்த கணக்கும் இதுவேதான். குழப்பமான, அலுப்பூட்டுகிற அந்தச் சண்டைகள் இல்லாவிட்டால் இந்த இடம் சாதாரணத் திருப்பமாகப் போயிருக்கும்.

ஆகவே, ஆடிப் பார்க்க நினைக்கிற வாசகர்கள் சண்டையைத் தவிர்க்க வேண்டாம். ஆரம்பத்தில் குணங்களுக்குப் புள்ளிகளைப் பங்கிடச் சொல்வார்கள். பலத்தில் கொட்டிவிடாமல் ஞானத்துக்கும் புத்திக்கும் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கல்வட்டத்தின் உள்தட்டுகள் திறக்கமாட்டா. பிணக் கிடங்கை விட்டு வெளியே வந்தால் ஹைவ் என்ற சேரி. 'புகையும் பிணம்' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கும் ஒரு சாராயக் கடை அங்கே இருக்கிறது. உள்ளே ஒருவன் உடல் முழுக்கத் தீப்பற்றி எரிந்துகொண்டிருப்பான். அவன் கதை வேறு. டாக்கனும் அந்தக் கடையில்தான் இருப்பான்.