சாயத்தின் சான்று

ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துச் சாயவேர் அரசினர் வருவாய்களுள் ஒன்றாய் விளங்கியது. அவ்வேரின் செந்நிறம் வெறுந்துணியிற் பற்றாது; கடுக்காயும் படிகாரமும் ஊட்டிய துணியிலேயே நிலைக்கும். நோயியலார் நாள்தோறுங் கையாளும் ஈமற்றொட்சிலினும் ஒரு மரச்சாயமே. அதுவும் படிகாரத்தின் துணைகொண்டே கலக்கருவைப் பற்றுகின்றது. ஆகவே, சாயம் அறிவிப்பது பொருளின் பெயரையன்று; தான் பற்றுதற்கு அங்கே இடமுண்டு என்பதனையே. இவ்வேறுபாட்டை மறந்தமையால் நரம்பகஞ்சுரப்புக் கட்டிகளின் ஆய்வில் விளைந்த பிழைகள் பல.

1907 ஆம் ஆண்டில் ஓபண்டோர்வர் என்னும் செருமானிய அறிஞர் சிறுகுடலிற் கண்ட சில கட்டிகளுக்குப் ‘புற்றுப் போல்வன’ என்று பொருள்படப் பெயரிட்டார். அவை தீங்கற்றவை என்பது அவர் கருத்து. 1929 இல் அவரே அதனைத் திருத்திக்கொண்டார். 1914 இல் கொசே, மாசன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் குடல்வளரிக் கட்டியின் கலங்கள் வெள்ளியுப்பைத் தாமே கருமையாக்குதலைக் காட்டினர். அதனால் ‘வெள்ளி நாடுங் கட்டி’ என்ற பெயரும் வழங்கலாயிற்று. இப்பெயரே குறையுடைத்து. வெள்ளியைக் கருமையாக்குவது அக்கலத்திலுள்ள செரட்டோனின் என்னும் பொருள். 1953 இல் லெம்பெக் இக்கட்டிகளில் அதனைக் கண்டறிந்தார். செரட்டோனினைச் சுரவாத உறவுக் கட்டிகளோ வெள்ளிக்கு மசியா. நேர்குடற் கட்டிகள் பல இவ்வாறானவை. 1963 இல் வில்லியம்சும் சான்ட்லரும் முன்குடல், நடுக்குடல், பின்குடல் எனப் பிறப்பிடம் பற்றி வகுத்த பின்னரே இம்முரண் ஒருவாறு விளங்கிற்று.

பிறபொருளெதிரிகளாற் சாயமூட்டும் முறை வந்தபின் ஐயமெல்லாம் ஒழிந்தது என்பார் உளர். அஃது மிகை. குரோமோகிரானின் ஏ, சினப்டோபைசின் என்பன இன்று முதன்மைச் சான்றுகள். எனினும் நேர்குடற் கட்டிகள் பலவற்றில் முன்னையது தோன்றாதொழியும்; அதிரீனல் மேற்பட்டைக் கட்டியில், அஃது இக்குலத்தைச் சேராததாயினும், பின்னையது தோன்றும். புத்தூர் நிலாவரையின் மேல்நீரைச் சுவைத்தவன் அதனை நன்னீர்க் கேணி என்பான். ஆழத்தில் உள்ளது உப்புநீர். ஒரே சாயத்தை நம்புவோன் நிலையும் இத்தகையதே.

ஈரலில் மட்டும் கட்டி காணப்பட்டு மூலவிடம் அறியப்படாதபோது சாயத்தின் பயன் பெரிது. சீடிஎக்சு–2 குடலையும், ரீரீஎப்–1 சுவாசப்பையையும், ஐலெற்–1 சதையியையும் பெரும்பாலும் சுட்டும். ‘பெரும்பாலும்’ என்னும் சொல்லை அறிக்கையில் விடுதல் தகாது.

எண்ணைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். கி–67 என்பது பிரிவுறுங் கலங்களைக் காட்டும் சாயம். கீல் நகரிற் பிறந்தமையால் இப்பெயர் பெற்றது. நூற்றுக்கு 3 இற் குறைந்தால் முதற்றரம், 3 முதல் 20 வரை இரண்டாந்தரம், 20 இற்கு மேல் மூன்றாந்தரம். எண் கைக்கெட்டியதும் வடிவைப் பாராது விடும் பழக்கம் இங்கே தீது செய்கின்றது. நன்கு வேறுபட்ட மூன்றாந்தரக் கட்டியும் கொடிய சிறுகலப் புற்றும் 20 ஐக் கடந்தனவே; மருந்து வேறு, ஆயுள் வேறு. சதையிக் கட்டிகளில் இவ்வேறுபாட்டை 2017 இலும், ஏனைய செரிமான உறுப்புக் கட்டிகளில் 2019 இலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஏற்றது. ஆர்பி புரதம் இழக்கப்பட்டதா, பி53 மாறியுள்ளதா என்று வினவும் சாயங்கள் அவ்விடத்து உதவும். அவற்றிற்கும் முன்னதாக ஈமற்றொட்சிலின் தீட்டிய சாதாரணத் தகட்டை அமைதியாகப் பார்த்தல் வேண்டும்.

இழையத்தின் அளவோ சிறிது. ஒவ்வொரு சாயமும் ஒரு சீவலை உண்ணும். முறையின்றிப் பத்துச் சாயம் கேட்பவர் பதினோராவதற்கு இழையமின்றி நிற்பர். புத்தூரிலிருந்தாயினும் பெருநகரிலிருந்தாயினும் அனுப்பப்படும் துண்டு, வெட்டிய உடனே தன் அளவிற் பத்து மடங்கு போமலினில் இடப்படாவிடில், எவ்வளவு விலையுயர்ந்த பிறபொருளெதிரியும் அதன்கண் நேரிய விடை பெறாது.