ஒலி மெலிவும் ஷ்லைக்கரின் உவமையும்

மெய்யொலிகள் காலப்போக்கில் வன்மை குன்றுதலை மொழிச் சிதைவெனக் கொண்டோருள் ஒருவர் ஜேர்மானிய அறிஞர் ஓகஸ்ட் ஷ்லைக்கர் (1821-1868). கோதிக் மொழியில் ‘ஹபைடேடீமா’ என நீண்டு நின்ற வினை ஆங்கிலத்தில் ‘ஹாட்’ எனக் குறுகியமையைக் காட்டி, ஆற்றுப்படுகையில் நெடுங்காலம் உருண்டு உறுப்பிழந்த சிலைக்குப் பிற்காலச் சொற்களை அவர் உவமித்தார். உவமை அழகியது, பொருந்துமோவெனின், ஆராய்தற்குரியது.

ஈண்டு மெலிவென்பது நன்னூலார் கூறும் மெலித்தல் விகாரமன்று. வல்லொலி நெகிழ்ந்து ஒலித்தலேயாம்.

ஆறு கண்டபடி தேய்க்கும். மொழி அவ்வாறு தேய்ப்பதில்லை. இலத்தீனில் தோழியைக் குறித்த ‘அமீக்கா’ என்னுஞ் சொல்லில் ககரம் வன்மையாய் ஒலித்ததாயினும் தனித்தது. அது ஸ்பானியத்தில் ‘அமீகா’ என நெகிழ்ந்து, பிரெஞ்சில் ‘அமி’ என அறவே மறைந்தது. கன்னத்தைக் குறித்த ‘புக்கா’ என்பதிலோ ககரம் இரட்டித்தது. அஃது ஸ்பானியத்தில் வாயைக் குறிக்குஞ் சொல்லாகி ஒற்றையாயிற்றேயன்றி வன்மை இழந்திலது. இரட்டை ஒற்றையாக, ஒற்றை நெகிழ, இரண்டன் வேற்றுமையும் காக்கப்பட்டது. சிலையின் மூக்குத் தேய்ந்தால் செவி அதற்கேற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்வதுண்டோ?

தமிழர்க்கு இது புதுமையன்று. ‘பகல்’ என்பதன் ககரத்தைப் ‘பக்கம்’ என்பதன் ககரம்போல வலித்து ஒலிப்பார் யாருமிலர். கன்னடர் பாலை ‘ஹாலு’ என்றும், புலியை ‘ஹுலி’ என்றும், பத்தை ‘ஹத்து’ என்றும் வழங்குதலைக் கேட்டு நகைக்குந் தமிழர், ‘பகல்’ என்னும்போது தாமும் அதற்கு இனமான நெகிழ்வையே செய்தலை அறியார். கன்னட நாட்டுப்புற வழக்குச் சிலவற்றில் அந்த ஹகரமுங் கெட்டு ‘ஆலு’ என நிற்கும். மாணாக்கர் எழுத்திற் பிழை திருத்துதல் ஆசிரியர் கடன்; அவர்தம் பேச்சில் நெகிழ்ந்த ஒலியைக் கொச்சையென இகழ்தல் அக்கடனில் அடங்காது.

மெலிவால் இடரே இல்லையென்பதும் மிகை. ‘இன்று’ எனப் பொருள்பட்ட இலத்தீன் ‘ஹோதியே’, பிரெஞ்சில் ‘உயி’ எனச் சுருங்கித் தனித்து நிற்கும் வலியற்றதாயிற்று. அம்மொழியாளர் ‘இன்றைய நாளில்’ என்னும் பொருள்பட வேறு சொற்களைச் சேர்த்து, ‘ஓஷூர்துயி’ என வழங்கலாயினர். இவ்வாறு ஈடுசெய்யும் ஆற்றலுக்கு ஷ்லைக்கரின் சிலையில் இடமில்லை. உடைந்த கை மீள முளையாது. அவர் காட்டிய எடுத்துக்காட்டே இதற்குச் சான்றாகும். கோதிக் வினை தன் ஈற்றால் உணர்த்திய தன்மைப் பன்மையை, ஆங்கிலம் ‘ஹாட்’ என்பதன் முன் ‘வீ’ என்னும் பெயரை நிறுத்தி உணர்த்துகின்றது.